மிளகு மூட்டை அடுக்கிய இடத்தில் மாடர்ன் ஆர்ட்... பழைய கிடங்குகளில் ஏன் கலைக் கண்காட்சி?

“ஆர்ட் கேலரியா? அதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா!” என்று நழுவுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்கான இடம் ஏசி போட்ட வெள்ளை அறையாக இருக்காது. கொச்சியில் கடலோரம் நிற்கும் பழைய கிடங்காக இருக்கலாம்.

எங்கே இருக்கிறது?

ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வளாகம் இது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய் என ஏற்றுமதிச் சரக்குகள் புழங்கிய இடம். 2012 டிசம்பர் 12 அன்று இங்கே வேறு சரக்கு வந்து இறங்கியது. கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் சேர்ந்து உருவாக்கிய ‘கொச்சி-முசிரிஸ் பினாலே’. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சியைத்தான் பினாலே என்கிறார்கள். முசிரிஸ்? நம் சங்கப் பாடல்களில் மிளகு வணிகத்தோடு வரும் அதே முசிறிதான்!

கிடங்கில் வைத்தால் என்ன வித்தியாசம்?

2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டா, இங்குள்ள ஒரு கிடங்குக்குள் கடல்நீரை நிரப்பினார். படைப்பின் பெயர் ‘வலியின் கடல்’. சுவரில் இருந்த வரிகளைப் படிக்க, பேன்ட்டை மடித்துவிட்டு தண்ணீருக்குள் நடந்தே போகணும்.

2015-ல் சிரியாவிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் குழந்தை ஆலன் குர்தி கரையொதுங்கிய படத்தை உலகமே பார்த்தது. அதே விபத்தில் இறந்த அவன் அண்ணன் கலிப்பை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் சிறுவனுக்காகத்தான் இந்தப் படைப்பு. 1973 ராணுவக் கவிழ்ப்பின்போது சுரீட்டாவே ஒரு கப்பலில் சிறை வைக்கப்பட்டவர்.

இதைப் புரிந்துகொள்ள ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமா என்ன? கால் நனைந்தால் போதும்.

எல்லாமே நல்லதுதானா?

இல்லை. 2022-ல் டிசம்பர் 12 அன்று தொடங்க வேண்டிய பினாலே, கடைசி நேரத்தில் 23-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. அரங்குக்குள் மழைநீர் கசிகிறது, மின்சாரம் சீராக இல்லை என்று பங்கேற்ற கலைஞர்களே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். மூட்டைக்காகக் கட்டிய கட்டடம் புரொஜெக்டரைத் தாங்காது. பழைய சுவர் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். ஆனால், கூரையைச் சரிசெய்யாமல் கண்காட்சி நடத்தினால், அந்தச் சுமை கலைஞர்கள் தலையிலும் இரவு பகலாக வேலை பார்க்கிறவர்கள் தலையிலும்தான் விழும்.

எப்படிப் பார்ப்பது?

* உள்ளே போனதும் விளக்க அட்டையைத் தேடாதீங்க. கூரை, தரை, ஜன்னல் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

* “இது ஏன் இங்கே இருக்கு?” என்று கேளுங்கள். வேறு இடத்தில் வைத்தாலும் எதுவும் குறையாது என்று தோன்றினால், அந்தப் படைப்பு இடத்தை வாடகைக்கு மட்டும் எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

* பிடிக்கவில்லையா? தாராளமாக அடுத்த அறைக்குப் போங்கள். தேர்வா எழுதப் போகிறோம்?

கொச்சி தூரம் என்றால், சென்னையில் கண்ணகி நகர் இருக்கிறது. நகரத்துக்குள்ளிருந்து இடம் மாற்றப்பட்ட மக்கள் வாழும் குடியிருப்பு. 2020 முதல் அங்குள்ள சுவர்களில் பிரமாண்ட ஓவியங்கள் வந்திருக்கின்றன. கட்டாயம் பாருங்கள். ஆனால், அது காலியான கிடங்கு இல்லை, வீடு. செல்ஃபிக்கு முன்னால் வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சுவரில் இல்லாத கதையும் கிடைக்கும்.