கிதாருக்கு முன்னால் ஒரு குறவஞ்சி

டிசம்பர் பனியில் வல்லம், செஞ்சிப் பக்கம் வீடு வீடாக வரும் கிறிஸ்துமஸ் கீத பவனியைக் கேட்டிருப்பீர்கள். கீபோர்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஆனால் எந்த இசையில் இயேசுவைப் பாடலாம் என்பது பழைய வழக்கு.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1972-இல் உருவான கிறிஸ்தவ ராக் குழு ‘பெட்ரா’. 1974-இல் அதன் முதல் ஆல்பம் வந்தது. எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் வைத்து இயேசுவைப் பாடலாமா என்று சபைகள் பல முகம் சுளித்த காலம் அது.

இந்த வழக்கைத் தமிழ்நாடு அதற்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு பாடிய சபைக்கு அவர் தந்தது ‘பெத்லகேம் குறவஞ்சி’. நம் குறத்தி குறி சொல்கிறாளே, அதே கூத்து மரபு! மிஷனரிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சாஸ்திரியார் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எவ்வளவு பெரிய துணிச்சல்!

1853-இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் ஏராளம். இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: பாட்டின் தலைமாட்டில் ராகம், தாளம்; கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம்.