வாசற்படியில் ஒரு ஜோடிப் பாதரட்சை

குடியானவர் வீட்டில் கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் கதிரரிவாளுக்கும் தனித்தனியே இடம் உண்டு. பாதரட்சைக்கு மாத்திரம் இடம் இருப்பதில்லை. கல்யாணத்திற்கும் கச்சேரிக்கும் போட்டுக்கொள்ள நல்ல ஜோடு ஒன்று பரண்மேல் இருக்கும். கொல்லைக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும், வைக்கோற்போருக்கும், மோட்டார் கொட்டகைக்கும் வெறுங்காலோடு போய் வருவதே வழக்கமாக இருக்கிறது. "நாலடி தூரந்தானே" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஆனால் காலுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த நாலடி தூரத்திலேயே காத்திருக்கின்றன. ஆகையால் கடலூர், சிதம்பரம் பகுதி விவசாயிகளுக்கு இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்போம்.

காலின் வழியே வரும் கேடுகள்

முதலாவது கொக்கிப்புழு. இப்புழு உள்ளவர் திறந்த வெளியில் மலங்கழித்தால், அதிலுள்ள முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரித்து, சுமார் 5 முதல் 10 நாட்களில் மனிதரைப் பற்றத்தக்க பருவத்தை அடைகின்றன. பிறகு 3, 4 வாரம் வரை மண்ணில் உயிரோடிருக்கும். அதன்மேல் வெறுங்காலை வைத்தால் தோலைத் துளைத்துக்கொண்டு உட்சென்று, முடிவில் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். தோல் வழியாக இது புகுவதை 1898-ம் வருஷத்தில் எகிப்து நாட்டில் ஆர்தர் லூஸ் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். கண்வெளுத்து, மூச்சுவாங்கி, அரைநாள் வேலைக்குள் சோர்ந்துபோகும் ஆளைச் சோம்பேறி என்று வைவதற்கு முன் அவருக்கு இரத்தசோகை உண்டா என்று பார்ப்பது நலம். கக்கூஸ் கட்டி உபயோகிப்பதும், காலில் பாதரட்சை அணிவதும், வைத்தியர் தரும் பூச்சி மாத்திரை உண்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதற்குப் பரிகாரமாகும்.

இரண்டாவது, முள்ளும் ஆணியும். எருவும் சாணமும் கலந்த மண்ணில் தனுர்வாத ஜன்னியின் கிருமிகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். ஆழமாகக் குத்திய சிறு காயமே இதற்குப் போதுமானது. குத்திய உடன் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் தடுப்பூசி பற்றிக் கேட்டறிதல் அவசியம்.

மூன்றாவது, பாம்பு. 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். கடிகளில் பெரும்பகுதி காலிலேயே விழுகிறது. எலிவளையும் நண்டுவளையும் உள்ள வரப்புகள் நல்லபாம்பிற்கும் கண்ணாடிவிரியனுக்கும் உகந்த இடங்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் சேர்த்திருப்பதால், கிராம அதிகாரிகளும் இதைக் கவனித்தல் வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட காலை அசையாதபடி வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லவேண்டும்.

நிலத்திற்கேற்ற ஜோடு

எல்லா நிலத்திற்கும் ஒரே ஜோடு உதவாது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் பலாத் தோப்புகளிலும் மண் இலேசானது; நிழலும் உண்டு. கொக்கிப்புழுவிற்கு இத்தகைய மண்ணே ஏற்றது. இங்கே அடி தடித்ததாயும், குதிகால் வார் உடையதாயும் உள்ள செருப்பு நல்லது. மண்ணும் சருகும் உட்புகாமல் விரல்களை மூடும் ஜோடு அதனினும் நல்லது.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண் பூமி. உழவுச் சேற்றிலும் நடவிலும் சாதாரணச் செருப்பு உதவாது. அதை வரப்பிலேயே கழற்றி வைக்கவேண்டியதுதான். ஆனால் வரப்பில் நடப்பதற்கும், சம்பா அறுவடையான பின் உளுந்து பயறு நிற்கும் தாளடியில் நடப்பதற்கும் பாதரட்சை மிகவும் அவசியம். மெஷின் அறுத்த தாள் கூராக நின்று உள்ளங்காலைக் கிழிக்கும். இங்கே தண்ணீர் விட்டால் சேறு கழன்றுபோகும் ரப்பர்ச் செருப்பே சௌகரியம். பழைய லாரி டயரில் தைத்த செருப்பு கனமாயினும் முள்ளுக்கு அஞ்சாது. தோற்செருப்பு காலுக்கு இதமானது. ஆனால் நனைந்து காய்ந்தால் விறைத்துக் கடிக்கும். அதை நிழலில் உலர்த்தி அவ்வப்போது எண்ணெய் தடவிவருதல் வேண்டும்.

இராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குத் திறந்த செருப்பு மாத்திரம் போதாது. அது உள்ளங்காலைக் காக்குமேயன்றிக் கணுக்காலைக் காக்காது. முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும், டார்ச் விளக்கும், தடியும் அவர்களுக்கு வேண்டும்.

நீரிழிவுள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவதால், முள் தைத்ததும் தெரியாது. அவர்கள் மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மெத்தென்ற அடியுள்ள செருப்பை அணிந்து, தினந்தோறும் உள்ளங்காலைப் பார்த்துவருதல் நலம்.

வாங்கும்போது சாயங்காலத்தில் வாங்குக. அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். நின்று பார்த்து, விரல் நுனிக்குமேல் அரை விரற்கடை இடம் இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

வைக்கும் முறை

செருப்பை வீட்டினுள் கொண்டுவருவதில்லை என்பது நம் வழக்கம். களத்திலும் நெற்குவியலருகிலும் போட்டு நடப்பதில்லை என்பதும் வழக்கமே. இவற்றை மாற்றவேண்டியதில்லை. வாசற்படிக்கு வெளியே, மழைச்சாரல் படாதபடி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு பலகை அடித்தால் போதும். கொல்லைப்புற வாசலுக்கும் ஒரு பலகை வேண்டும். குனிந்து வார் பூட்டவேண்டாத எளிய ஜோடாக இருந்தால் சிறுவரும் வயோதிகரும் தவறாமல் போடுவார்கள். போடுமுன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பதைக் குழந்தைகளுக்குப் பழக்குதல் வேண்டும். தேளும் பூரானும் சிறு பாம்பும் ஜோட்டினுள் ஒதுங்குவதுண்டு.

வேலையாட்களின் கால்கள்

மேற்சொன்ன யாவும் நிலச்சுவான்தாருக்கு மாத்திரம் உரியவை அல்ல. வரப்பில் அதிக நேரம் நடப்பவர் வேலையாட்களே. இவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஊர்த்தெருவில் செருப்பைக் கையிலெடுத்துச் செல்லவேண்டும் என்ற கொடிய வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்த அச்சத்தினாலேயே செருப்பு வாங்காமல் விட்டவர்கள் உண்டு. தீண்டாமை 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் செருப்பணிவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று பெயர் குறித்தே சொல்லப்பட்டது. கடமையில் வேண்டுமென்றே தவறும் அரசாங்க ஊழியருக்கும் அச்சட்டத்தில் தண்டனை உண்டு. எனவே கிராம அதிகாரிகள் இவ்வழக்கம் தங்கள் ஊரில் தலைகாட்டாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

நிலச்சுவான்தார்கள் ஒரு படி மேலே சென்று, விதை, எரு செலவோடு சேர்த்து, வருஷந்தோறும் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தந்து, தமது வாசலிலேயே அவர்கள் பலகைக்கும் இடங்கொடுக்கலாம். கொக்கிப்புழு ஒருவர் மலத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மற்றொருவர் காலுக்கும் செல்வதற்கு ஜாதி பார்ப்பதில்லை. அறுவடைக் காலத்தில் ஓர் ஆள் பத்து நாள் படுத்தால் நேரும் நஷ்டத்தோடு ஒரு ஜோடிச் செருப்பின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் லாபம் எது என்பது தெளிவாகும்.

வருகிற மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பலகைகள் அடிக்கப்படுமாக.