கொட்டியாரக் குடாவும் கணனியின் பொது நினைவகமும்

மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்த கட்டைபறிச்சான், கொட்டியாரக் குடாவை அண்டிய ஊர்களுள் ஒன்றாகும். மகாவலி கங்கை இக்குடாவிலேயே கடலுடன் கலக்கின்றது. 2006ஆம் ஆண்டில் போரினாற் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தோருட் பலர், ஆண்டுக்கணக்கில் கட்டைபறிச்சானிலும் அயலூர்களிலும் முகாம்களில் வாழ நேர்ந்தது. சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி அனல் மின்நிலையமொன்றை அமைப்பதற்கு 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் உடன்பட்டன. 2016இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஏப்பிரலிற் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது.

நிலக்கரித் திட்டம் மறைந்தபோதிலும் அது எழுப்பிய வினாவொன்று நிலைத்து நிற்கின்றது. கடல்நீராற் குளிர்விக்கப்படும் அத்தகைய நிலையமொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 20 கனமீற்றர் நீரை, ஏழெட்டுப் பாகை சூடேற்றிக் கடலிலே திரும்ப விடும் என்பதை எளிய கணக்கே காட்டும். அவ்வெப்பம் குடாவில் எங்கே பரவும்? வாடைக் காலத்தில் எவ்வாறு, கச்சான் காலத்தில் எவ்வாறு? மீன்படும் இடங்களை அது எட்டுமா? இவற்றுக்கு விடைகாணக் கையாளப்படுவது கணனி உருவகப்படுத்தல் ஆகும். அக்கணக்கின் விரைவையும் செலவையும் பெரிதும் தீர்மானிக்கும் ஒரு கூற்றை, அதாவது இருவகை முறைவழியாக்கிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதை, இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகின்றோம்.

உருவகப்படுத்தும் மென்பொருள் கடலைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்துக்கொள்கின்றது. ஒவ்வொரு கூற்றுக்கும் நீரின் வேகம், அமுக்கம், வெப்பநிலை, உவர்ப்பு முதலிய எண்கள் உள. சிறு கால இடைவெளிதோறும் அண்டைக் கூறுகளைக் கொண்டு அவை மீளக் கணிக்கப்படும். இவ்வேலைக்கு இருவகைத் தொழிலாளர் உளர் எனலாம். சி.பி.யு. எனப்படும் மத்திய முறைவழியாக்கி சிலவான ஆற்றல்மிக்க கருக்களைக் கொண்டது; நிபந்தனைகளும் கிளைகளும் நிறைந்த வேலைக்கு ஏற்றது. ஜி.பி.யு. எனப்படும் வரைவியல் முறைவழியாக்கி, ஒரே செயலைப் பல்லாயிரம் எண்கள்மீது ஒருங்கே நிகழ்த்த வல்லது. 2007இல் என்விடியா நிறுவனம் கூடா என்னும் நிரலாக்க முறையை வெளியிட்டதன் பின்னர், படங்காட்டப் பிறந்த இக்கருவி விஞ்ஞானக் கணிப்புக்கும் பரவலாகப் பயன்படலாயிற்று.

எனினும் இருவருக்கும் களஞ்சியம் வேறு வேறாகவே இருந்தது. ஒருவரிடமுள்ள தரவை மற்றவர் தொட வேண்டின், இடையிலுள்ள ஒடுங்கிய பாதையூடாக அதனைப் படியெடுத்து அனுப்புதல் வேண்டும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அளந்து பார்ப்போம்.

குடாவில் 10 கிலோமீற்றர் நீளமும் அகலமுங் கொண்ட பரப்பை 20 மீற்றர்ச் சதுரங்களாகவும், ஆழத்தை 20 படைகளாகவும் பகுப்பதாகக் கொள்வோம். 50 இலட்சம் கூறுகள் கிடைக்கும். கூறொன்றுக்கு எட்டு எண்கள், எண்ணொன்றுக்கு எட்டு பைற்று எனின் மொத்தத் தரவு 320 மெகாபைற்று. நான்காந் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையில் ஒரு திசையில் செக்கனுக்கு 32 கிகாபைற்று வரையே செல்லும். ஆகவே போய்வர 20 மில்லிசெக்கன் ஆகும். வரைவியல் முறைவழியாக்கி தன் நினைவகத்தைச் செக்கனுக்கு 2,000 கிகாபைற்று வேகத்திற் படிக்குமாயின், அதே தரவைப் பத்து முறை படிக்க 1.6 மில்லிசெக்கனே போதும். ஐந்து செக்கனுக்கு ஒரு படி எனக் கொண்டால் ஒரு மாதத்துக்கு 5,18,400 படிகள். படிதோறும் தரவு போய்வருமாயின் அவ்வழிச் செலவு மட்டும் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். கணிப்புக்கோ கால் மணித்தியாலமே. உழைப்பிலும் பார்க்கச் சுமைகூலி மிகுந்துவிடுகின்றது.

தரவு முழுவதையும் வரைவியல் முறைவழியாக்கியிடமே விட்டுவிடலாகாதா என வாசகர் வினவலாம். புதிதாக எழுதப்படும் நிரலுக்கு அது பொருந்தும். ஆனால் 2004இல் திறந்த மூலமாக வெளிவந்த ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் பல இலட்சம் வரிகள் கொண்டவை. அவற்றை ஒரே மூச்சில் மாற்றி எழுதுதல் அரிது. சில பகுதிகள் மட்டும் மாற்றப்படும்போது தரவு இரு களஞ்சியங்களுக்கிடையே ஓயாது அலைகின்றது.

இதற்குத் தீர்வு இரு படிகளில் வந்தது. 2014இற் கூடாவின் ஆறாம் பதிப்பு, இரு நினைவகங்களையும் ஒரே முகவரிப் பரப்பாகக் காட்டியது. நிரலாளரின் சுமை குறைந்தது. ஆயினும் தரவு திரைமறைவிற் பயணஞ் செய்தே வந்தது. அடுத்த படி, நினைவகத்தையே உண்மையிற் பொதுவாக்குவது. 2023 இறுதியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட எம்.ஐ. 300ஏ என்னும் சில்லில், இருவகைக் கருக்களும் 128 கிகாபைற்று நினைவகத்தைப் பகிர்கின்றன, படியெடுத்தலே தேவையில்லை. 2024 நவம்பரில் உலகின் முதன்மைக் கணனியாக அறிவிக்கப்பட்ட எல் கப்பித்தான் இச்சில்லுகளால் ஆனது. பழைய நிரலில் ஒவ்வொரு சுழற்சியாக மாற்றிச் செல்ல இவ்வமைப்பு இடமளிக்கின்றது.

பொது நினைவகம் குறைகளற்றதன்று. ஒரே எண்ணை இருவரும் ஒருங்கே திருத்த முற்பட்டால் விடை பிழைக்கும், ஒழுங்குமுறை வேண்டும். சில்லுடன் பிணைந்த நினைவகத்தைப் பின்னர்ப் பெருக்க முடியாது. வேலையில் ஐந்திலொரு பங்கு மத்திய முறைவழியாக்கியின் பழைய வேகத்திலேயே நடைபெறுமாயின், மற்றையது எத்துணை விரைந்தாலும் மொத்த வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது.

இவை பொறியியலாளருக்கு மட்டுமே உரிய செய்திகளல்ல. குடாவொன்றின் எதிர்காலம் பற்றிய கணக்கைத் திட்டத்தை முன்வைப்போர் மட்டுமே செய்யவல்லோராக இருக்கும்வரை, கரையில் வாழ்வோர் அதனை நம்புவதோ மறுப்பதோ அன்றி வேறுவழி அற்றோராவர். பொது நினைவகங் கொண்ட சிறு கணனிகளும் இன்று கிடைக்கின்றன. மென்பொருள் திறந்த மூலமாக உள்ளது. நாம் மேலே எடுத்துக்கொண்ட அளவிலான கணக்கு ஒரு பல்கலைக்கழகத் துறையின் மேசைமீதே நிகழத்தக்கது. கணக்குக்கு வேண்டிய ஆழமும் நீரோட்டமும் நேரில் அளக்கப்படல் வேண்டும். எங்கே, எப்பருவத்தில் அளப்பது என்பதைக் குடாவில் வலைவீசுவோரைக் கேட்டறிதல் தகும். கணக்கை மீளச் செய்து பார்க்கும் ஆற்றல் ஊருக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். அடுத்த திட்டம் வருமுன்னரே அதனைத் தேடிக்கொள்ளுதல் நமது பல்கலைக்கழகங்களின் கடனாகும்.