கடலுக்குப் போகும் கண்ணாடி

பத்தாம் வகுப்பு மாணவி

கண்ணாடி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது எது? கை தவறினால் நொறுங்கிவிடும் என்ற அச்சம்தான். ஆனால் என் தந்தை நாள்தோறும் கண்ணாடியின் மேல் ஏறித்தான் கடலுக்குப் போகிறார் என்றால் நம்புவீர்களா? வேளாங்கண்ணிக் கரையில் வரிசையாக நிற்கும் பைபர் படகுகள் யாவும் கண்ணாடி இழையால் ஆனவையே. 'பைபர்' என்றால் இழை என்று பொருள்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குச்சி ஒன்றின் நடுப்பகுதியைச் சுடரில் காட்டினார். அது செந்நிறமாகி இளகியதும் இரு முனைகளையும் சட்டென்று இழுத்தார். நடுவில் முடியைவிட மெல்லிய இழை ஒன்று நீண்டது. அதை அவர் விரலில் மோதிரம்போல் வளைத்தும் அது ஒடியவில்லை! தடித்த கண்ணாடி உடைய, மெல்லிய கண்ணாடி வளைவது ஏன்?

இக்கேள்விக்கு விடை கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்ற அறிஞர். கண்ணாடியின் மேற்பரப்பில் நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உள்ளன. இழுவிசை முழுவதும் அக்கீறலின் நுனியில் குவிவதால் அது விரிந்து பிளக்கிறது. மெல்லிய இழையிலோ பெரிய கீறல் இருக்க இடமே இல்லை. 1920-ஆம் ஆண்டளவில் அவர் செய்த சோதனைகளில், சுமார் 1 மில்லிமீட்டர் பருமனுள்ள இழையைவிட மிக மெல்லிய இழை, ஒரே அளவு பரப்புக்கு, ஏறக்குறைய 20 மடங்கு இழுவிசையைத் தாங்கியது.

செய்யும் முறை

சிலிக்கா மணல், சுண்ணாம்புக்கல், களிமண் வகை, போரான் சேர்ந்த தாது ஆகியவற்றைத் தூளாக்கிக் கலந்து, சுமார் 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உலையில் உருக்குகிறார்கள். உருகிய கண்ணாடி, பிளாட்டினமும் ரோடியமும் கலந்த உலோகத் தட்டில் உள்ள நூற்றுக்கணக்கான, சில ஆலைகளில் ஆயிரக்கணக்கான, நுண்துளைகள் வழியே கீழே இறங்குகிறது. நம் வீட்டு இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே மேலிருந்து அழுத்துவதில்லை. கீழே சுழலும் உருளை ஒன்று நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் இழைகளை இழுத்துச் சுற்றிக்கொள்கிறது. இவ்வாறு கிடைக்கும் இழையின் பருமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரோமீட்டர்வரை. (1,000 மைக்ரோமீட்டர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர்.)

நெசவாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் அல்லவா? அதுபோல இவ்விழைகளுக்கும் ஒரு பூச்சு உண்டு. அது இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து கீறல் விழுந்து வலிமை இழக்கும். பின்னர் அவற்றைத் துண்டுகளாக நறுக்கிப் பாய்போல் பரப்பினால் 'மேட்'. முறுக்காத இழைக்கற்றைகளைத் துணிபோல் நெய்தால் 'ரோவிங்' துணி. பஞ்சுமிட்டாய் இயந்திரம்போல் சுழற்றி வீசினால் கண்ணாடிக் கம்பளி கிடைக்கும். அதனிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உலைகளையும் குளிர்பதன அறைகளையும் அதைக்கொண்டு போர்த்துகிறார்கள்.

இழையும் பிசினும்

இழை மட்டும் படகாகிவிடாது. தஞ்சைப் பகுதியில் நெல் சேமிக்கும் குதிரைச் செய்வோர் களிமண்ணில் வைக்கோல் கலப்பார்கள். மண் வைக்கோலைப் பிடித்துக்கொள்கிறது; வைக்கோல் மண்ணை வெடிக்காமல் காக்கிறது. படகில் களிமண்ணின் இடத்தில் பாலியஸ்டர் பிசினும், வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழையும் உள்ளன. ஓர் இழை அறுந்தாலும் பக்கத்து இழைகள் அதன் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. இப்பொருள் துருப்பிடிக்காது, செல்லரிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, எஃகைவிட மிகவும் இலேசானது.

எங்கள் தாத்தா காலத்தில் கட்டுமரமே கதி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எண்ணற்ற கட்டுமரங்களும் அழிந்தன. அதன்பின் நிவாரணமாக வந்த படகுகளில் பைபர் படகுகளே மிகுதி. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் கரையின் தோற்றம் மாறிவிட்டது.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. ஏனெனில் மரம் மிதக்கும். கண்ணாடி இழையோ தண்ணீரைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தியுடையது. பிசினோடு சேர்ந்தாலும் அது மிதக்காது. எனவே படகின் உள்ளே காற்றறைகளோ நுரைப்பொருள் அடைத்த அறைகளோ வைக்கிறார்கள். படகில் நீர் நிறைந்தாலும் உயிரைக் காப்பவை அவைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. சென்ற ஐப்பசியில் எங்கள் படகு கரையேறும்போது மணலில் புதைந்திருந்த கட்டை ஒன்றில் இடித்தது. அடிப்பகுதியில் ஒரு முடிக்கீறல், அவ்வளவுதான். மேலே பூசிவிட்டு மறுநாளே போகலாம் என்று அப்பா எண்ணினார். மழைக்காலம், வீட்டில் பணமும் இல்லை. படகு பழுதுபார்க்கும் மாமா வந்து, பானை வாங்குபவர்போல் அடிப்பகுதியைத் தட்டித் தட்டிக் கேட்டார். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக வந்தது. "அண்ணே, இது மேல்கீறல் இல்ல. உள்ள அடுக்கு விட்டுப்போச்சு" என்றார். அறுத்துப் பார்த்தால், மிதப்பறையிலிருந்து கடல்நீர் வழிந்தது! படகைத் தாங்க வேண்டிய அறையே தண்ணீரைச் சுமந்திருக்கிறது. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தம் தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

பழுது பார்க்க ஆறு நாட்கள் ஆயின. ஈரத்தை முழுவதும் உலர்த்தி, கீறலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, மேட்டை அடுக்கடுக்காக வைத்து, பிசின் தடவி, இடையில் காற்றுக்குமிழி நிற்காமல் உருளையால் அழுத்தினார்கள். பிசினை இறுகச் செய்யும் வினையூக்கியை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சேர்க்க வேண்டும். குறைந்தால் இறுகாது, மிகுந்தால் சூடேறி வெடிப்பு விடும்.

அந்த மாமாவின் கைகளெல்லாம் அரிப்பு. தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலையும் கண்ணையும் மூச்சையும் வருத்தும். முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் தேவை. சிஸ்டர் சொன்னதாகச் சொல்லி ஒரு முகக்கவசத்தை அவரிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே அணிந்துகொண்டார். இன்னொரு குறையும் உண்டு: இப்பொருள் மக்காது, மரம்போல் விறகாகாது, உலோகம்போல் எளிதில் உருக்கி மீண்டும் வார்க்கவும் முடியாது. பழைய படகுகளை என்ன செய்வது என்பது நம் தலைமுறை விடை காண வேண்டிய கேள்வி.

பிற பயன்கள்

தண்ணீர்த் தொட்டிகள், கணினியின் மின்சுற்றுப் பலகைகள், முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள் ஆகியவற்றிலும் கண்ணாடி இழை உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை விண்ணில் செலுத்தியது. அதன் மேல்நிலைகளின் மோட்டார் உறைகள் இழையும் பிசினும் சேர்ந்த பொருளால் ஆனவை.

இதன் உடன்பிறப்பு ஒளியிழை. மிகத் தூய கண்ணாடியின் உள்ளே ஒளி முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து அடைந்து நெடுந்தூரம் செல்கிறது. கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் இது இயலும் என்று 1966-இல் கூறிய சார்லஸ் காவோ 2009-இல் நோபல் பரிசு பெற்றார். சென்னையையும் அந்தமானையும் கடலடியில் இணைக்கும் ஒளியிழை வடம் 2020-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஏழாம் நாள் விடியலில் அப்பா கடலுக்குப் புறப்பட்டார். "பூசி மறைக்கிறது வேற, புண்ண ஆத்துறது வேற பாப்பா" என்று படகைத் தட்டிக் காட்டினார். இப்போது ஓசை எங்கும் ஒரே சீராகக் கேட்டது. அன்று பிற்பகல் அவர் திரும்பி வரும்வரை நானும் அம்மாவும் கரையிலேயே நின்றோம்.

தோழியரே, அடுத்த முறை கடற்கரைக்கு வரும்போது ஒரு பைபர் படகை மெல்லத் தட்டிப் பாருங்கள். தனித்து நின்றால் ஊதினாலே பறக்கும் இழைகள், சேர்ந்து நின்று எத்தனை குடும்பங்களைச் சுமக்கின்றன என்பது விளங்கும்.