மழை மாலையில் மணவிழா உடை

மாணவ மாணவியரே! 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆடையைப் பற்றிய பேச்சு அற்பமானது என்று சிலர் எண்ணலாம். ஆயினும், மழைக்கால மாலையொன்றில் திருமண வரவேற்புக்கு எதை உடுத்திச் செல்வது என்னும் வினாவினுள் இயற்பியலும் உடல்நலமும் சிக்கனமும் ஒருங்கே அடங்கியுள்ளன.

நான் வாழும் சோமனூர் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்தில் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் செய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் முகூர்த்தங்கள் மிகுதி. கோவை வட்டாரம் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெருமழை பெறுவதும் அதே காலத்தில்தான். முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில் நிகழும். வரவேற்போ முதல்நாள் மாலையில் நடைபெறும். ஆதலின் பட்டாடையும் மழையும் எதிர்ப்படும் பொழுது அம்மாலைப் பொழுதே.

நனைந்த உடை ஏன் குளிர்கிறது? ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதன் பெரும்பகுதியை அந்நீர் நம் உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு குவளைகளில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றின்மேல் உலர்ந்த துணியையும் மற்றொன்றின்மேல் ஈரத்துணியையும் சுற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். கால்மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்தால் உண்மை விளங்கும்.

உடை நமக்கு வெப்பம் தருவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அவ்வாறு தடுப்பது, நூலிழைகளுக்கு இடையே சிறைப்பட்டுக் கிடக்கும் காற்றாகும். திருப்பூர்ப் பனியனை உற்று நோக்குங்கள். அது வளையம் வளையமாகப் பின்னப்பட்டது. ஒவ்வொரு வளையத்திலும் சிறிது காற்று தங்குகிறது. ஆகவே தடித்த சட்டை ஒன்றைவிட, பனியனும் அதன்மேல் ஒரு மெல்லிய சட்டையும் மிகுந்த பயன் தரும். உடை நனைந்தால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது. காற்றைவிட நீர் வெப்பத்தை இருபது மடங்கிற்கும் மேலாகக் கடத்த வல்லது.

இனி இழைகளின் இயல்பைக் காண்போம். மிதமான ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஈர்க்கும். பட்டு 11 கிராமும், கம்பளி 16 கிராமும் ஈர்க்கும். பாலியெஸ்டரோ அரைக் கிராமும் ஈர்ப்பதில்லை. அதனால் அது விரைவில் உலரும். ஆனால் கூட்டத்தில் வியர்வை உடலோடு ஒட்டிப் புழுங்கும். இன்னும் ஓர் அபாயமும் உண்டு. குத்துவிளக்கின் சுடர் பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கருகே நிற்கும் சிறுமியருக்கு அத்துணியைத் தவிர்ப்பது நலம். பருத்தியும் தீப்பற்றும்; ஆதலின் எவ்வுடையாயினும் முந்தானை விளக்கருகே தொங்கலாகாது.

பருத்தி நனைந்தால் அதன் வலிமை கூடும்; பட்டு நனைந்தால் அதன் வலிமை குறையும். ஆகவே பட்டுச் சேலையைப் பையில் கொண்டுசென்று மண்டபத்தில் உடுத்துவதே அறிவுடைமை. அது இயலாவிடின், பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் நம் கோவைக் கோராச் சேலை ஏற்றது. இளைஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டி நடந்து, மண்டப வாயிலில் இறக்கிவிடலாம். உலர்ந்த துண்டொன்று கையில் இருக்கட்டும். முதியோருக்குக் கம்பளிச் சால்வை வேண்டும். கம்பளி ஓரளவு நனைந்தும் காற்றைத் தாங்கி நிற்கும்.

இவ்வளவும் துணியைப் பற்றியவை. துணியினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு மாணவன் தன் உற்ற நண்பனின் தமக்கை திருமணத்திற்கு வரவில்லை. காரணம் கேட்டேன். புதுச்சட்டை இல்லை என்றான். அவன் தந்தையார் தறி ஓட்டுபவர். நாள் முழுதும் பிறர்க்குத் துணி நெய்யும் வீட்டுப் பிள்ளை, உடைக்கு நாணி வீட்டிலேயே தங்கிவிட்டான். நண்பனோ வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவ்விருவர் வருத்தத்தையும் ஒரு வெளுத்த பருத்திச் சட்டை போக்கியிருக்கும்.

மாணவர்களே, மணவீட்டார் எதிர்நோக்குவது உங்கள் முகத்தை. சட்டையின் விலையை அன்று. கடன் வாங்கி உடை எடுக்குமாறு பெற்றோரை வருத்தாதீர்கள். துவைத்து, உலர்த்தி, மடிப்புக் கலையாத உடையே மதிப்பான உடை. உங்களில் எவரேனும் உடையை எண்ணித் தயங்கினால், மற்றவர் எளிய உடையிலேயே அவரை உடனழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் பட்டை நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், சரிகையும் கறுக்கும். நனைந்த உள்ளுடையை உடனே மாற்றி, தலையை நன்கு துவட்டிவிட்டு உறங்கச் செல்லுங்கள். மறுநாள் விடியலில் முகூர்த்தத்திற்கும் நீங்கள் செல்லவேண்டும் அன்றோ?