கியர்ப் பூட்டு

கியர்ப் பூட்டு என்பது, தானியங்கி வேகமாற்றி கொண்ட மகிழுந்துகளில், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காதவரை கியர்த் தண்டை "பி" எனக் குறிக்கப்படும் நிறுத்த நிலையிலிருந்து நகரவிடாது தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு ஆகும். இவ்வமைப்பில் பழுது ஏற்பட்டால், பிரேக்கை மிதித்த பின்னரும் தண்டு நகராது. அந்நிலையில் பூட்டைக் கையால் விடுவிப்பதற்குப் பல மகிழுந்துகளில் தனி வழி உண்டு.

வரலாறு

1980களில் ஐக்கிய அமெரிக்காவில், ஆடி 5000 வகை மகிழுந்துகள் கியர் மாற்றியவுடன் தாமாகவே பாய்வதாக முறையீடுகள் எழுந்தன. இதையடுத்து, கியர்ப் பூட்டைப் பொருத்துவதற்காக 1987இல் அவ்வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஓட்டுநர் பிரேக்குக்குப் பதிலாக முடுக்கியை மிதித்ததே காரணம் எனக் கருதியது. செப்டம்பர் 1, 2010 முதல் தயாரிக்கப்படும் மகிழுந்துகளில் இப்பூட்டு அங்கு கட்டாயமாக்கப்பட்டது. சிறுவர்கள் கியரை நகர்த்தி வண்டி உருண்டோடுவதைத் தடுப்பது இதன் முக்கிய நோக்கமாகும்.

செயற்பாடு

கியர்த் தண்டின் அடியில் உள்ள ஒரு முளை, தண்டை நிறுத்த நிலையில் பிடித்துக்கொள்கின்றது. சாவி இயக்க நிலையில் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பிரேக் விளக்கின் ஆளி மின்குறிப்பை அனுப்பும். உடனே வரிச்சுருள் (சோலனாய்டு) முளையை விலக்கும். அப்போது "டிக்" என்ற ஓசை கேட்கும்.

பழுதைக் கண்டறிதல்

* பிரேக்கை மிதித்தும் பின்விளக்கு எரியாவிடில், ஆளியோ உருகியோ பழுதாகியிருக்கலாம்.
* விளக்கு எரிந்தும் ஓசை கேட்காவிடில், வரிச்சுருளிலோ அதன் கம்பிகளிலோ பழுது இருக்கலாம்.
* வண்டியின் எல்லா விளக்குகளும் மங்கினால், மின்கலம் வலுவிழந்திருக்கலாம்.
* ஓசை கேட்டும் தண்டு அசையாமல், வண்டி சரிவில் நின்றால், வண்டியின் எடை வேகமாற்றியினுள் உள்ள நிறுத்தக் கொக்கியை இறுக்கியிருக்கலாம். இது பூட்டின் பழுது அன்று.

கையால் விடுவித்தல்

1. கைப்பிரேக்கை முழுமையாக இட்டு, சக்கரங்களுக்கு அடைகல் வைக்க வேண்டும்.
2. சாவியை இயக்க நிலைக்குத் திருப்ப வேண்டும்; எஞ்சினை இயக்கக்கூடாது.
3. கியர்த் தண்டின் அருகில் உள்ள சிறு மூடியைத் திருப்புளியால் மெதுவாக நெம்பி எடுக்க வேண்டும்.
4. பிரேக்கை மிதித்தபடி, துளையினுள் திருப்புளியை அழுத்திக்கொண்டு, தண்டை "என்" எனும் நடுநிலைக்கு நகர்த்த வேண்டும்.
5. நடுநிலையிலேயே எஞ்சினை இயக்கலாம்.

மூடியின் இடம் வண்டிக்கு வண்டி மாறுபடும். மின்னணு முறையில் கியர் மாற்றும் வண்டிகளில் இத்துளை இராது. எனவே வண்டியின் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

எச்சரிக்கை

தண்டை வலிந்து இழுத்தால் அதன் இணைப்புகள் உடையக்கூடும். நடுநிலைக்கு வந்த வண்டியைக் கைப்பிரேக்கும் அடைகல்லும் மட்டுமே தாங்கி நிற்கின்றன. பிரேக் விளக்கு எரியாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது ஆபத்தானது. பின்னால் வருவோருக்கு அது நிற்பது தெரியாது. பூட்டை விடுவிப்பது தற்காலிகத் தீர்வு மட்டுமே. பழுதை விரைவில் சரிசெய்ய வேண்டும்.

சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடி தண்டை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இட்டு, வண்டியின் எடை அதன்மேல் அமர்ந்தபின் நிறுத்த நிலைக்கு மாற்றினால், கொக்கி இறுகாது.