இலை... இல்லை... இத்தாலி!

குட்டீஸ்! ஒரு கற்பனை செய்து பாருங்கள். திண்டுக்கல் - பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரத்தில் நீங்கள் படிக்கிறீர்கள். அப்பாவுக்கு இத்தாலியில் வேலை கிடைக்கிறது. குடும்பத்தோடு கிளம்பிவிட்டீர்கள். புதுப் பள்ளியில் டீச்சர் பேசுவது ஒன்றுமே புரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறானோ? அழுகையே வந்துவிடும், இல்லையா?

கவலை வேண்டாம். 300 ஆண்டுகளுக்கு முன் இத்தாலிக்காரர் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்கு வந்து இதே போலத் திணறியிருப்பார். அவர் என்ன செய்தார் தெரியுமா?

247 எழுத்து!

அவர் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. பிறந்தது 1680-ல். கிறிஸ்தவ சமயப் பணிக்காக 1710-ல் கப்பலில் இந்தியா வந்தார். இத்தாலி மொழிக்கு 21 எழுத்துகள்தான். தமிழுக்கோ 247! அர்த்தம் பார்க்க இன்று இருப்பது போன்ற தமிழ் - தமிழ் அகராதியும் கிடையாது. அப்போது பெரும்பாலும் இருந்தவை நிகண்டுகள். அவை பாட்டு வடிவில் இருக்கும். மனப்பாடம் செய்தால்தான் சொல்லைத் தேட முடியும்.

அவர் சோர்ந்துவிடவில்லை. தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டார். 1732-ல் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, 'சதுரகராதி' என்ற அகராதியைத் தானே தொகுத்தார். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். அதனால் 'கொடி'யா, 'கோடி'யா என்று குழப்பம் வரும். குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே வேறுபடுத்தியவர் அவர்தான் என்பார்கள். 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி' காவியத்தையும் தமிழில் பாடினார். ஆம், அவர்தான் வீரமாமுனிவர்!

கம்ப்யூட்டர் வாத்தியார்

இன்று வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி கற்றுத்தர மென்பொருள்கள் இருக்கின்றன. 2012-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட 'டுவோலிங்கோ' அதில் ஒன்று. படம் காட்டும், உச்சரித்துக் காட்டும், கேள்வி கேட்கும். நீங்கள் தப்பாகச் சொன்ன சொல்லை மறுபடி மறுபடி கேட்கும்.

ஏன் அப்படி? ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற அறிஞர், தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் ஒரு புத்தகம் எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே மறந்துபோகிறது. விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் மனதில் தங்குகிறது என்று கண்டார்.

கம்ப்யூட்டர் இல்லையா? ஐந்து டப்பா போதும்! லைட்னர் என்பவர் 1972-ல் சொன்ன வழி இது. பழைய கல்யாணப் பத்திரிகையைச் சீட்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் புது மொழிச் சொல். எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பானால் மறுபடி முதல் டப்பாவுக்கே! முதல் டப்பாவைத் தினமும் பாருங்கள். இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவதை வாரம் ஒருமுறை. அடுத்தவற்றை இன்னும் இடைவெளி விட்டு.

முதல் சீட்டுகள் இதோ: ஆக்வா - தண்ணீர். பானே - ரொட்டி. காசா - வீடு. கிராட்சியே - நன்றி.

நமக்கு ஒரு சுலபம்!

இத்தாலியில் 'பாலா' என்றால் மண்வாரி. 'பால்லா' என்றால் பந்து. 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நோன்னோ' என்றால் தாத்தா! ஒற்றெழுத்தை அழுத்தாவிட்டால் பொருளே மாறிவிடும். ஆங்கிலேயர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கோ இது பழக்கம்தான். 'இலை'யும் 'இல்லை'யும் ஒன்றா என்ன?

ஆனால் மென்பொருள் மட்டும் போதாது. கடைக்காரர் வேகமாகப் பேசுவார். நண்பர்கள் கொச்சையாகப் பேசுவார்கள். வீரமாமுனிவர் இதைப் புரிந்துகொண்டவர். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் என்று இரண்டு எழுதினார். மக்களோடு பேசாமல் இது முடியுமா?

நீங்களும் இன்றே தொடங்கலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நண்பர் இருந்தால், வாரம் பத்துச் சொல் கேட்டு டப்பாவில் போடுங்கள். தமிழே தெரியாத வேற்று மாநிலப் பிள்ளை உங்கள் வகுப்புக்கு வந்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, முதல் தமிழ்ச் சொல்லை நீங்களே சொல்லிக்கொடுங்கள். சரியா?